எழுநூறாவது பறவையும் முதல் திமிங்கலமும்

ரேலீன்: ...சிரிக்காதே நெவ். போன செப்டம்பர்ல போட்டுக்கிட்டு வந்த கோட்டு இன்னும் கார் ஷெட்லதான் தொங்குது. தெருப் பூனையெல்லாம் அதைச் சுத்திச் சுத்தி வருது.

நெவ்: சுறா ஈரல்னா அப்படித்தான். கடல்ல ஒரு வாளி ஊத்தினா பத்து மைல்லேருந்து மோப்பம் பிடிச்சு வருவாங்க.

ரேலீன்: யாரு வருவாங்க?

நெவ்: பறவைங்கதான்.

ரேலீன்: திமிங்கலம் பார்க்க வந்தவங்க அதே நாத்தத்துக்குப் பயந்து படகோட அந்தக் கோடிக்கு ஓடிட்டாங்க, பார்த்தியா? முன்பக்கம் பூரா அவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு. பின்பக்கம் பூரா உங்க கூட்டம் வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. நடுவுல நான், ஃப்ளாஸ்கோட.

நெவ்: நடுவுலயே நில்லு. ரெண்டும் தெரியும்.

ரேலீன்: எனக்கு ரெண்டும் வேண்டாம். ஒரே ஒரு திமிங்கலம்... தண்ணியை விட்டு வால் வரைக்கும் எகிறிக் குதிக்கணும். இந்த உலகத்துல நான் கேட்டது அவ்வளவுதான்.

நெவ்: நானும் ஒண்ணுதான் கேட்கிறேன்.

ரேலீன்: நீ அறுநூத்தித் தொண்ணூத்தொன்பது பறவையை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு ஒண்ணு கேட்கிறே. நாட்டுல இருக்கிற காக்கா குருவியெல்லாம் எழுதி முடிச்சாச்சு.

நெவ்: எழுநூறுன்னா எழுநூறு. அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.

ரேலீன்: முதல்ல அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டு. உன்கிட்ட பேசினா என் மூஞ்சிதான் எனக்குத் தெரியுது.

நெவ்: பெட்ரோல் பங்க்ல ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னான். அந்த இலவசத்தைத்தான் நீ போட்டிருக்கே. எனக்கும் என் மூஞ்சிதான் தெரியுது.

ரேலீன்: அடப் பாவமே.

கெர்ரி: ஆ... இங்கதான் இருக்கீங்களா ரெண்டு பேரும்? நெவ், இன்னிக்கு நீங்க இந்தக் கம்பியை விட்டு நகரக் கூடாது. டீ வேணும்னா நான் கொண்டு வர்றேன். கழிப்பறைக்குப் போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க.

நெவ்: என்னம்மா இது கெர்ரி, ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி.

கெர்ரி: நான் இந்தப் படகுல வழிகாட்டியாச் சேர்ந்து ஆறு வருஷம். ஆறு வருஷமும் நீங்க ரெண்டு பேரும் செப்டம்பர்ல வந்துடறீங்க. முதல் வருஷம் சாம்பல் பெட்ரல் வந்துச்சு. உங்க பட்டியல்ல இல்லாத பறவை. படகு பூரா துள்ளிக் குதிக்குது. நீங்க எங்க இருந்தீங்க?

நெவ்: கழிப்பறையில.

கெர்ரி: அடுத்த வருஷம் வெள்ளைத்தலைப் பெட்ரல்?

நெவ்: அதுவும் அங்கதான். அன்னிக்கு வயிறு சரியில்லை.

கெர்ரி: அதுக்கு அடுத்து?

நெவ்: குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன்.

ரேலீன்: லேஸ் இல்லாத பூட்ஸ் போட்டிருந்தான்.

நெவ்: அதான் நேரமாச்சு. தேடிக்கிட்டு இருந்தேன்.

கெர்ரி: நீங்க சிரிக்காதீங்க ரேலீன். உங்க கதை மட்டும் என்ன வாழுதாம்? போன வருஷம் தாயும் குட்டியுமா படகை உரசிக்கிட்டு வந்துச்சு. குட்டி நாலு தடவை குதிச்சுது. முரட்டு ஆம்பளைங்களெல்லாம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. நீங்க கேபின்ல உட்கார்ந்து முட்டை சாண்ட்விச்சை எண்ணிக்கிட்டு இருந்தீங்க.

ரேலீன்: யாராவது ஒருத்தர் எண்ணணுமே கண்ணு.

கெர்ரி: நாலு சாண்ட்விச். அதை எண்ண அரை மணி நேரம்.

நெவ்: அவளுக்கு ராசி இல்லைம்மா. எனக்கும் இல்லை. சிலருக்கு அப்படித்தான்.

கெர்ரி: ராசியெல்லாம் இன்னிக்குப் பலிக்காது. இன்னிக்குப் படகு பறவைக்கும் திமிங்கலத்துக்கும் சேர்த்தேதான் கிளம்பியிருக்கு. கேப்டன் வலப்பக்கம் திமிங்கலம் பார்ப்பாரு, நான் இடப்பக்கம் பறவை பார்ப்பேன். உள்ளே குளிர்பெட்டியில கேக் இருக்கு. மேல ஏழும் ரெண்டு சைபரும் எழுதியிருக்கேன்.

ரேலீன்: இது எத்தனாவது கேக்கு?

கெர்ரி: ஆறாவது. அஞ்சு கேக்கைக் கேப்டனே தின்னு தீர்த்தாரு. அவர் இடுப்பைப் பார்த்தீங்கன்னா தெரியும். அதோட... ஜானீன் மறுபடியும் செய்தி அனுப்பியிருக்கா.

நெவ்: எங்க ஜானீனா? உனக்கு எதுக்கு அனுப்புறா?

கெர்ரி: ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டா பாவம். 'அப்பாவும் அம்மாவும் பார்த்துட்டா உடனே எனக்குச் சொல்லு'ன்னு. அந்தக் காகிதத்தையும் படம் பிடிச்சு அனுப்பியிருக்கா. அவ வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல காந்தம் போட்டு மாட்டியிருக்காளாம்.

ரேலீன்: பெர்மகுயி கடற்கரையில எழுதிக் கொடுத்த காகிதமா?

கெர்ரி: அதேதான். படிக்கட்டுமா? 'நெவில் எழுநூறாவது பறவையையும், ரேலீன் ஒரு திமிங்கலம் முழுசாக் குதிக்கிறதையும் பார்த்துட்டா, அன்னியோட கடலுக்குத் தலைமுழுகிட்டு, ஊர் சுத்துற கேரவன் வண்டியை வித்துட்டு, டப்போவுக்கு மகள் வீட்டோட வந்துடறோம்.' கீழே ரெண்டு கையெழுத்து. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய எண்ணெய்க் கறை.

நெவ்: மீன் வறுவல் மடிச்சுக் கொடுத்த காகிதம். வேற காகிதம் இல்லை அப்போ.

கெர்ரி: ஏழு வருஷமா காத்துக்கிட்டு இருக்கா. கொல்லைப்பக்கம் உங்களுக்குன்னு தனி வீடு கட்டி, போன மாசம் திரைச்சீலை கூட மாட்டிட்டாளாம். போன தடவை நெவ் இங்க வழுக்கி விழுந்து புருவத்துல மூணு தையல் போட்டதுலேருந்து அவளுக்குத் தூக்கமே இல்லையாம். நான் பெத்தவங்களா இருந்தா...

ரேலீன்: நீ எங்களைப் பெத்தவளா?

கெர்ரி: ...எனக்குப் பெத்தவங்களா நீங்க இருந்தா, நானும் அதையேதான் செய்வேன்.

நெவ்: டப்போவுலேருந்து கடலுக்கு எவ்வளவு தூரம்?

கெர்ரி: காலையில கிளம்பினா சாயங்காலம் வந்துடலாம்.

நெவ்: ம்.

ரேலீன்: தண்ணித்தொட்டி வைக்கிறாளாம் நெவ், பின்வாசல்ல. பறவை வந்து குளிக்குமாம். நீ ஜன்னல் வழியாவே பார்க்கலாமாம்.

நெவ்: நல்ல பொண்ணு.

ரேலீன்: ரொம்ப நல்ல பொண்ணு. அதான் கஷ்டம்.

கெர்ரி: என்ன சொன்னீங்க?

ரேலீன்: காத்து பலமா அடிக்குதுன்னு சொன்னேன்.

கெர்ரி: அது இருக்கட்டும்... நெவ், உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி பறவைக்குப் பெயர் வைக்கிற கமிட்டி ஒரு அல்பட்ராஸை ரெண்டு இனமாப் பிரிச்சுதே. அந்த ரெண்டு விதமும் நீங்க பார்த்தது. இதே படகுல, என் பக்கத்துல நின்னு பார்த்தீங்க. அப்போ அதுவரைக்கும் ஒண்ணா இருந்தது ரெண்டாச்சு. நீங்க வீட்ல உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டு இருக்கிறப்பவே உங்க கணக்குல ஒண்ணு ஏறியிருக்கணுமே?

ரேலீன்: அப்படியெல்லாம் ஏறுமா?

கெர்ரி: ஏறும் ரேலீன். நாற்காலிப் பறவைன்னு சொல்லுவோம். கமிட்டி இதழ்ல வந்துச்சே, உங்க வீட்டுக்கும் வந்திருக்குமே.

நெவ்: அது தபால்ல தொலைஞ்சு போச்சு.

ரேலீன்: அதை நாய் தின்னுடுச்சு.

கெர்ரி: ...எது? தொலைஞ்சுதா, தின்னுச்சா?

நெவ்: தபால்ல வர்றப்பவே நாய் தின்னுடுச்சு.

கெர்ரி: உங்க வீட்ல நாய் இருக்கா?

ரேலீன்: பக்கத்து வீட்டு நாய். படிக்கிறதுல ரொம்ப ஆசை.

கெர்ரி: சரி, இப்போ நான் சொல்லிட்டேன் இல்லையா? அறுநூத்தித் தொண்ணூத்தொன்பதும் ஒண்ணும் எழுநூறு. கேக்கை எடுத்துட்டு வரட்டுமா?

நெவ்: வேண்டாம். நாற்காலியில வந்த பறவையை நான் எண்ணமாட்டேன். எனக்குன்னு ஒரு கொள்கை இருக்கு. காத்து மூஞ்சியில அடிக்கணும், கால் வழுக்கணும், கண்ணுல தண்ணி வரணும். அப்போ பார்த்தாத்தான் பறவை.

கெர்ரி: அப்படியா? அஞ்சு வருஷம் முன்னாடி அதே கமிட்டி ரெண்டு இனத்தை ஒண்ணாச் சேர்த்தப்போ, நோட்டைத் திறந்து ஒண்ணை அடிச்சீங்களே. எழுநூறைத் தொட இருந்ததுதான் அப்படியே இறங்கிப் போச்சுன்னு என்கிட்டயே வந்து புலம்பினீங்க. அப்போ எந்தக் காத்து மூஞ்சியில அடிச்சுது?

நெவ்: அது... கொடுத்தா வாங்கமாட்டேன். எடுத்தாத் தடுக்கமாட்டேன்.

ரேலீன்: அவன் ரொம்ப நேர்மை கெர்ரி. தேனிலவுக்கு என்னைக் கழிவுநீர்ப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனான். அங்கதான் நல்ல வாத்து வரும்னு. அதைக் கூட முன்னாடியே நேர்மையாச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனான்.

நெவ்: அபூர்வமான வாத்து அது.

ரேலீன்: புதுச் செருப்பு போட்டிருந்தேன்.

கெர்ரி: நேர்மையை நான் சந்தேகப்படலை. பார்க்காத பறவையை ஒருத்தர் பட்டியல்ல எழுதிட்டாருன்னு அவரோட பதினோரு வருஷம் பேசாம இருந்தவர் நெவ்னு இந்தக் கரை பூரா தெரியும்.

நெவ்: பின்னே? பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதுறது பாவம் இல்லையா?

ரேலீன்: பார்த்ததைப் பார்க்கலைன்னு சொன்னா?

நெவ்: ...அது ஞாபக மறதி.

கெர்ரி: வாளியில ஈரல் தீர்ந்து போச்சு, நான் போய் ஊத்திட்டு வர்றேன். இன்னும் அரை மணியில ஆழம் வந்துடும். ரெண்டு பேரும் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. சொல்லிட்டேன்.

ரேலீன்: அசையமாட்டோம் கண்ணு. நீ போ.

நெவ்: ...போயிட்டாளா?

ரேலீன்: வாளிக்கிட்ட நிக்கிறா. ஒரு கண்ணு இங்கதான்.

நெவ்: எதுக்கு நாய்னு சொன்னே?

ரேலீன்: நீ எதுக்குத் தபால்னு சொன்னே?

நெவ்: தபால்ல தொலையறது சகஜம்.

ரேலீன்: நாய் தின்றதும் சகஜம்தான். டீ குடிக்கிறியா?

நெவ்: குடு. இஞ்சி பிஸ்கட் இருக்கா?

ரேலீன்: இருக்கு. உனக்குக் கடல் ஒத்துக்கலைன்னா சொல்லு, கேபினுக்குப் போயிடலாம்.

நெவ்: நாப்பது வருஷம் பால் லாரி ஓட்டினவன் நான். அந்த மலைப்பாதை வளைவுல வராத வாந்தி இங்க வருமா? உனக்கு?

ரேலீன்: எனக்கு லேசாத் தலை சுத்துது. திமிங்கலம் வர்ற நேரம் பார்த்து சுத்தும்னு நினைக்கிறேன்.

நெவ்: ரே... டப்போவைப் பத்தி நீ என்ன நினைக்கிறே? நிஜமாச் சொல்லு.

ரேலீன்: தரை சமமா இருக்கும். உன் முட்டிக்கு நல்லது. பேரப்பிள்ளைங்க இருக்காங்க. டாக்டர் பக்கத்துல.

நெவ்: அது சரி. நீ என்ன நினைக்கிறே?

ரேலீன்: அங்கே சாயங்காலம் என்ன பண்ணுவோம்னு நினைக்கிறேன்.

நெவ்: டிவி இருக்குமே.

ரேலீன்: ஆமாம். டிவி இருக்கும்.

நெவ்: ...அது என்ன, அங்கே? கறுப்பா?

ரேலீன்: எங்கே?

நெவ்: ஒண்ணுமில்லை. அலைதான். நீ அந்தப் பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன்.

ரேலீன்: வலப்பக்கம் திமிங்கலம்னு கெர்ரி சொன்னாளே. நான்தானே வலப்பக்கம் பார்க்கணும்?

நெவ்: உனக்குத்தான் தலை சுத்துதே. நீ எனக்கு எதிர்ல நில்லு. உனக்காக நான் பார்த்துச் சொல்றேன்.

ரேலீன்: அப்போ உனக்காக நான் இடப்பக்கம் பார்க்கிறேன். கம்பியைப் பிடிச்சுக்கோ.

கெர்ரி: நெவ்... நெவ்! உங்க முதுகுக்குப் பின்னாடி, இடப்பக்கம். கரி அல்பட்ராஸ். படகுலேருந்து முப்பதடியில காத்துல நிக்குது. கடவுளே, முழுக்கக் கரி. திரும்புங்க.

நெவ்: கால் மரத்துப் போச்சும்மா.

கெர்ரி: கழுத்தைத் திருப்புங்க.

நெவ்: கழுத்தும் மரத்துப் போச்சு.

ரேலீன்: அட... என்ன அழகு. றெக்கையை அசைக்கவே இல்லையே. சும்மா சாஞ்சுக்கிட்டே வருது. கண்ணைச் சுத்தி வெள்ளைப் பிறை மாதிரி...

கெர்ரி: ரேலீன், நீங்க எதுக்குப் பறவையைப் பார்க்கிறீங்க? கேப்டன் கத்துறது காதுல விழலையா? உங்களுக்குப் பின்னாடி வலப்பக்கம் திமிங்கலம், கிட்டத்துல. மேல வருது. திரும்புங்க சீக்கிரம்.

ரேலீன்: கழுத்துத் துணி கம்பியில மாட்டிக்கிச்சு.

கெர்ரி: நான் அவிழ்த்து விடறேன்.

ரேலீன்: வேண்டாம், கிழிஞ்சுடும். மாமியார் கொடுத்தது.

நெவ்: எங்கம்மா உனக்கு ஒண்ணுமே கொடுக்கலைன்னு சொல்லுவியே.

ரேலீன்: இது ஒண்ணுதான் கொடுத்தாங்க.

கெர்ரி: குதிக்குது... குதிச்சுடுச்சு. வால் வரைக்கும். முப்பது டன் ஆகாசத்துல நிக்குது...

நெவ்: அடேயப்பா.

கெர்ரி: நெவ், நீங்க எதுக்குத் திமிங்கலத்தைப் பார்க்கிறீங்க?

நெவ்: கண்ணு அந்தப் பக்கம் இருந்துச்சு. நான் என்ன பண்றது?

கெர்ரி: எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க ரெண்டு பேரும். இங்க என்ன கல்யாணமா நடக்குது? பறவை இன்னும் அங்கேயேதான் இருக்கு, ஒரே ஒரு திரும்பு...

நெவ்: ம்... திரும்பறேன்... மெதுவா... ஆச்சு. எங்கே?

கெர்ரி: போயிடுச்சு.

நெவ்: ச்சே.

ரேலீன்: துணி அவிழ்ந்துடுச்சு. திமிங்கலம் எங்கே?

கெர்ரி: தண்ணிக்கடியில.

ரேலீன்: ச்சே.

கெர்ரி: அரை மணி நேரம் கழிச்சு எல்லாரும் கேபினுக்கு வாங்க. பட்டியல் வாசிக்கணும். நான் போய் என் தலையைத் தண்ணியில முக்கிட்டு வர்றேன்.

*

கெர்ரி: ...கருவால் ஷியர்வாட்டர், எல்லாரும். சரி. கறுப்புப் பெட்ரல், ஒன்பது பேர். எழுதிக்கிட்டேன். இப்போ நம்ம கரி அல்பட்ராஸ். பார்த்தவங்க கை தூக்குங்க. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு... அந்த மூலையில பதின்மூணாவது கை யாரோடது?

ரேலீன்: என்னோடதுதான்.

கெர்ரி: இந்த இருபது வருஷத்துல இந்தக் கரையில மூணு தடவைதான் வந்திருக்கு அந்தப் பறவை. பறவைன்னா என்னன்னே கேட்காத ரேலீன் பார்த்திருக்காங்க. நெவ்?

நெவ்: கேள்வியைச் சரியாக் கேளும்மா. பட்டியல் எழுத விதின்னு ஒண்ணு இருக்கு.

கெர்ரி: எப்படிக் கேட்கணும்?

நெவ்: 'திரும்பிப் பார்த்தவங்க யாரு'ன்னு கேளு.

கெர்ரி: சரி. திரும்பிப் பார்த்தீங்களா நெவ்?

நெவ்: திரும்பலை.

கெர்ரி: கையைக் கீழே போடுங்க.

நெவ்: நான் தூக்கவே இல்லையே.

கெர்ரி: திமிங்கலம் முழுசாக் குதிச்சதைப் பார்த்தவங்க? முன்பக்கம் எல்லாரும்... அப்புறம் நெவ். ரேலீன், நீங்க?

ரேலீன்: நானும் திரும்பலை கண்ணு.

கெர்ரி: அவர் பறவையை நீங்க பார்த்துட்டீங்க. உங்க திமிங்கலத்தை அவர் பார்த்துட்டாரு. மாத்திக்கிட்டா ஒப்பந்தம் முடிஞ்சுது. ஜானீன்கிட்ட அப்படியே சொல்லிடட்டுமா?

நெவ்: காகிதத்துல தெளிவா இருக்கேம்மா. நெவில் பறவை, ரேலீன் திமிங்கலம். பேரு மாறினாச் செல்லாது.

ரேலீன்: கையெழுத்துப் போட்டதாச்சே. நாமளா மாத்தக் கூடாது.

கெர்ரி: சரி... அனுப்பிட்டேன். 'இந்த வருஷமும் இல்லை'ன்னு. அழுகிற பொம்மை அனுப்பியிருக்கா.

நெவ்: பாவம்.

கெர்ரி: கேக்கை என்ன பண்றது? கேப்டனுக்கு இனிமே கொடுக்கமாட்டேன். நீங்களே சாப்பிடுங்க. ஏழையும் சைபரையும் சுரண்டிட்டுச் சாப்பிடுங்க. அடுத்த செப்டம்பருக்கு இடம் எழுதிக்கட்டுமா?

ரேலீன்: எழுதிக்கோ. ரெண்டு பேர்.

கெர்ரி: எழுதிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லட்டுமா? நான் சின்னப் பொண்ணு இல்லை.

நெவ்: நாங்க எப்போ சொன்னோம்?

கெர்ரி: கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க. துறைக்குள்ள நுழையறோம். அலை தூக்கிப் போடும்.

நெவ்: ...போயிட்டாளா?

ரேலீன்: போயிட்டா. கதவையும் சாத்திட்டுப் போறா.

நெவ்: கத்தி எங்கே? சைபரை நான் எடுத்துக்கறேன். உனக்கு ஏழு.

ரேலீன்: நெவ்... அந்த இதழ் உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில இருந்துச்சு.

நெவ்: எந்த இதழ்?

ரேலீன்: நாய் தின்ன இதழ். ஒளிச்சு வைக்கணும்னா நீ தினமும் எடுக்கிற இடத்துல வைக்கணும். நம்ம வீட்ல உருளைக்கிழங்கு எடுக்கிறது யாரு?

நெவ்: ...ரெண்டு வருஷமாத் தெரியுமா உனக்கு?

ரேலீன்: நோட்டோட கடைசிப் பக்கத்துல பென்சில்ல பொடிப்பொடியா எழுதி வெச்சிருக்கியே, அதுவும் தெரியும். எழுநூத்தி ரெண்டு.

நெவ்: அழிச்சுட்டேன்னு நினைச்சேன்.

ரேலீன்: அழிக்க உனக்கு மனசு வராது. கமிட்டி கொடுத்தது ஒண்ணு. மத்த ரெண்டும் எங்கே பார்த்தே?

நெவ்: கழிப்பறை ஜன்னல் வழியா. வட்டமா, தட்டு அகலம்தான். ஆனா நல்லாத் தெரிஞ்சுது ரே. அந்தச் சாம்பல் பெட்ரல் ஜன்னலைத் தேடி வந்து என்னைப் பார்த்துட்டுப் போச்சு. நான் உள்ளே ஒத்தைக் கால்ல நின்னு சத்தம் வராம வாயைப் பொத்திக்கிட்டேன்.

ரேலீன்: நான் வெளியே கதவுகிட்ட நின்னு யாரையும் விடாம பார்த்துக்கிட்டேன். வயித்துப்போக்குன்னு சொல்லி.

நெவ்: நீயா அது? ஊரு பூரா என் வயித்தைப் பத்தி விசாரிச்சாங்களே.

ரேலீன்: பேரு போனாப் போகட்டும். ஏன் நெவ் மறைச்சே?

நெவ்: உனக்குத் தெரியாதா? வீட்ல நாம பேசுறதே இல்லை. சாப்பிட்டியான்னு கேட்பே, சாப்பிட்டேன்னு சொல்லுவேன், அப்புறம் டிவி. செப்டம்பர் வந்தா கேரவன்ல ஏறினதுலேருந்து நீ என்னைத் திட்டிக்கிட்டே வர்றே. அந்தத் திட்டைக் கேட்கத்தான் வருஷம் பூரா காத்துக்கிட்டு இருக்கேன். டப்போவுல நீ என்னை எதுக்குத் திட்டுவே?

ரேலீன்: கைக்குட்டை இருந்தாக் குடு.

நெவ்: அழறியா?

ரேலீன்: ஈரல் நாத்தம். கண்ணு எரியுது. ஆக எழுநூத்தி ரெண்டு.

நெவ்: மூணு.

ரேலீன்: திரும்பலைன்னு சொன்னியே.

நெவ்: திரும்பலையே. நீ எதிர்ல நின்னே. உன் கறுப்புக் கண்ணாடியில வந்துச்சு. இந்தக் கண்ணுல ஒண்ணு, அந்தக் கண்ணுல ஒண்ணு. ரெண்டு கரி அல்பட்ராஸ். வெள்ளைப் பிறை கூடத் தெரிஞ்சுது.

ரேலீன்: கண்ணாடியில பார்த்தாக் கணக்கா?

நெவ்: உயிரோட, பறந்துக்கிட்டு இருந்தாக் கணக்குதான். விதியில இருக்கு. அதனாலதான் கேள்வியை மாத்திக் கேட்கச் சொன்னேன். பொய் சொல்லலை நான்.

ரேலீன்: நானும் சொல்லலை. திரும்பலைன்னுதானே சொன்னேன்.

நெவ்: ...உனக்கும் தெரிஞ்சுதா?

ரேலீன்: உன் கண்ணாடியில முப்பது டன் எகிறுச்சு நெவ். உன் மூக்குக்கு இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால்.

நெவ்: அப்போ ரெண்டு பேருக்கும் முடிஞ்சுது. காகிதத்துப்படி நாளைக்கே கேரவனை விக்கணும். ரே, கேளு. ஏமாத்தினது நான்தான். ஆறு வருஷம். நீ பாவம், முதல் திமிங்கலத்தையே இன்னிக்குத்தான் பார்த்தே, அதுவும் என் கண்ணாடியில. கொடுத்த வாக்கை நீ மீறலை. அதனால நீ சொல்றதுதான். டப்போன்னா டப்போ. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ரேலீன்: கேக்கைக் கீழே வை.

நெவ்: ஏன்?

ரேலீன்: கையிலேருந்து விழுந்துடும். பெர்மகுயில, அந்த மேட்டுல, பக்கத்து பெஞ்சுக்காரங்ககிட்ட பேனா வாங்கினே, ஞாபகம் இருக்கா? மடியில மீன் காகிதத்தை விரிச்சு, மூக்கு படுற மாதிரி குனிஞ்சு, நெவில்னு முழுப் பேரையும் எழுதிக்கிட்டு இருந்தே. உன் தோளுக்கு மேல, கடல்ல ஒரு திமிங்கலம் வால் வரைக்கும் எகிறுச்சு. அது விழுந்து தண்ணி அடங்குற வரைக்கும் பார்த்துட்டு, உன்கிட்டேருந்து பேனாவை வாங்கி உன் பேருக்குக் கீழே என் பேரை எழுதினேன்.